பழைய ஜன்னல்களைச் சுட வேண்டாம், தேய்க்க வேண்டாம், நீராவி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் பெயிண்ட் வேலை மும்முரமாக நடக்கிறது. வெயிலில் வண்ணம் சீக்கிரம் காயும், பிள்ளைகளும் வகுப்பறையில் இருக்க மாட்டார்கள் என்பதால் இந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுப்பது முறையானதே. ஆனால் அந்த வேலைக்கு முன்னேற்பாடாகப் பழைய மர ஜன்னல்களில் உள்ள பெயிண்டையும், கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டி என்ற பூச்சையும் எடுக்கும் விதம் மரத்துக்கும் கேடு, மனிதருக்கும் கேடு. தொழிற்பயிற்சி நிலையத்தில் மரவேலை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதற்கு மாற்றாக நீராவியைப் பயன்படுத்தும் வழியைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் சென்ற விடுமுறையில் கண்டதை முதலில் சொல்ல வேண்டும். பழைய கட்டடத்தின் ஜன்னல் கதவுகளைக் கழற்றாமலேயே, கிரைண்டரில் உப்புத்தாள் வட்டைப் பொருத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பல அடுக்குப் பெயிண்டும் மாவாகப் பறந்து பெஞ்சுகளின் மேலும், கரும்பலகையின் விளிம்பிலும், சுவரோரம் அடுக்கியிருந்த சத்துணவுத் தட்டுகளின் மேலும் படிந்திருந்தது. தேய்த்த தொழிலாளி மூக்கின் மேல் ஒரு கைக்குட்டையைக் கட்டியிருந்தார். மாலையில் அந்தத் தூளைத் துடைப்பத்தால் பெருக்கி, மாணவர்கள் செடி வளர்க்கும் பாத்தியில் கொட்டினார்கள். பொறுப்பில் இருந்தவரிடம் முறையிட்டபோது, வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாகிவிட்டது என்ற பதிலே கிடைத்தது. அவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அதில் இருப்பது ஈயம். பெயிண்டுக்கு வெண்மையும் உழைப்பும் வரவும், மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்கள் எடுப்பாக அமையவும், சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைக் கலப்பது நெடுங்கால வழக்கம். அமெரிக்கா வீட்டு உபயோக பெயிண்டில் ஈயத்தை 1978இல் தடை செய்தது. நம் நாட்டில் 2016இல் வெளியான விதிகளின்படி, வீடுகளுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் பூசப்பட்ட எந்த ஜன்னலிலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். சேலத்திலிருந்து 1965இல் தருமபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிவதற்கு முன்பே எழுந்த பள்ளிகளும் அலுவலகங்களும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் ஜன்னல்களில் ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை பூச்சு இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். உடலில் சேரும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரே மூலத்திலிருந்து வயிற்றுக்குள் போகும் ஈயத்தில், பெரியவர்கள் உடல் ஈர்த்துக்கொள்வதைப்போல் நான்கு ஐந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. மூளை வளரும் வயதில் அது செய்யும் சேதத்தை மருந்தால் திருப்ப முடியாது. கருவுற்ற பெண்களுக்கும் இது ஆபத்தானது.

கிரைண்டரை விட்டால் நம் ஊரில் அடுத்த வழி நெருப்பு. மண்ணெண்ணெய் ஊதுவிளக்காலோ, ஹீட் கன் என்னும் சூட்டுத் துப்பாக்கியாலோ பெயிண்டைக் கொப்புளிக்கச் செய்து சுரண்டுகிறார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். சூட்டுத் துப்பாக்கியின் காற்று 500 டிகிரிக்கு மேலும் போகக்கூடியது, ஊதுவிளக்கின் சுடரோ அதையும் தாண்டும். அந்தச் சூட்டில் ஈயம் கண்ணுக்குத் தெரியாத புகையாகி, வேலை செய்பவரின் நுரையீரலுக்குள் நேராகப் போகிறது. மரமும் கருகுகிறது, அருகிலுள்ள கண்ணாடியும் விரிசல் விடுகிறது. காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பவர்களும் உண்டு. தேக்கு, வேங்கை போன்ற மரங்கள் அதில் கறுத்து, நார் கிளம்பி, எத்தனை கழுவினாலும் உள்ளே தங்கும் காரத்தால் பிறகு பூசும் வண்ணத்தையும் உதிர்த்துவிடும். கடைகளில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவர்களில் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான் உண்டு. காற்றோட்டமில்லாத அறையில் அதன் ஆவி உயிரையே பறிக்கக்கூடியது.

நீராவி இந்த எல்லாக் கேடுகளையும் ஒருசேரத் தவிர்க்கிறது. திறந்த நிலையில் நீராவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தளி பக்கம் 97 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். இந்தச் சூட்டில் ஈயம் புகையாவதில்லை, மரம் கருகுவதில்லை. வேலை முழுவதும் ஈரத்திலேயே நடப்பதால் தூசியும் எழுவதில்லை. அதே சமயம் நீராவிக்குள் பொதிந்திருக்கும் வெப்பம் மிகப் பெரிது. ஒரு கிராம் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எழுபது கலோரி போதும். அதே ஒரு கிராம் நீராவி மரத்தின் மேல் பட்டுத் தண்ணீராகும்போது 540 கலோரியை அங்கே இறக்கிவிடுகிறது. அந்த வெப்பமும் ஈரமும் பெயிண்ட் அடுக்குகளை இளக்கி, மரத்தோடு அவற்றுக்குள்ள பிடியைத் தளர்த்துகின்றன. பட்டுக்கூட்டைக் கொதிநீரில் இட்டுப் பசை இளகிய பிறகு நூலைப் பிரித்தெடுக்கும் தருமபுரி மக்களுக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதே இல்லை.

பட்டியின் விஷயத்தில் இதன் பயன் இன்னும் கூடுதல். பழைய ஜன்னல்களில் கண்ணாடியைப் பிடித்திருப்பது சாக்பீஸ் போன்ற சுண்ணப் பொடியையும் லின்சீட் ஆயில் என்னும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்த பட்டி. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது கல்லாகிவிடுகிறது. அதை உளியும் சுத்தியலும் கொண்டு தட்டியெடுக்கும்போது மூன்றில் ஒரு கண்ணாடியாவது உடையும், கண்ணாடி பதிந்திருக்கும் பள்ளமான காடியின் விளிம்பும் சிதறும். நீராவியில் வைத்தெடுத்த கதவிலோ, அதே பட்டி பட்டித் தகட்டுக்குப் பணிந்து, காடியின் மூலையிலிருந்து மறுமூலை வரை ஒரே நாடாவாக உரிந்து வருகிறது.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி தெரிந்துகொண்டு செய்தால் இதிலும் சேதம் உண்டு. கழற்றக்கூடிய கதவுகளைக் கீல் திருகுகளை எடுத்துக் கழற்றி, எந்தக் கதவு எந்த நிலைச்சட்டத்துக்கு உரியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கொண்டி, தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும். இரண்டு கதவுகள் படுக்கும் அளவுக்குப் பலகையால் ஒரு பெட்டி செய்து, உட்புறம் அலுமினியத் தகட்டை ஒட்டி, வெளியே சாக்குகளைச் சுற்றினால் சூடு நிற்கும். தெர்மாகோல் இந்தச் சூட்டில் இளகிச் சுருங்கிவிடும். அதை வைக்கக் கூடாது. பெட்டியின் அடியில் நீர் வடிய ஒரு துளையும் மேற்புறம் ஆவி வெளியேற ஒரு துளையும் கட்டாயம் வேண்டும். பெட்டிக்குள் அழுத்தம் ஏறவே கூடாது. நீராவிக்குத் துணிச் சுருக்கம் நீக்கும் கருவிகளில் 1,500 முதல் 2,000 வாட் வரையுள்ள ஒன்று போதுமானது. எர்த் இணைப்புள்ள 15 ஆம்பியர் பிளக்கில்தான் அதைப் பொருத்த வேண்டும். பிரஷர் குக்கரில் குழாயை மாட்டி ஆவி எடுக்கும் யோசனை பலருக்கும் வரும். குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ குக்கர் வெடிக்கும் என்பதால் யாரும் அதை முயல வேண்டாம்.

கருவியில் ஊற்றும் தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு கருவியின் சூடேற்றியில் வெள்ளையாகப் படிந்து விரைவில் அடைத்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையோ சேமித்த மழைநீரையோ ஊற்றுவது நல்லது.

பெட்டிக்குள் ஆவி நிறைந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனதும் ஒரு கதவை எடுத்து, உடனே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இளகிய நிலை சில நிமிடங்களே நீடிக்கும். ஆறினால் பட்டி மறுபடியும் இறுகும். முதலில் பட்டியை எடுத்து, அதற்கடியில் கண்ணாடியைத் தாங்கும் சிற்றாணிகளைக் குறட்டால் பிடுங்கி, கண்ணாடியைத் தூக்கி வைத்துவிட்டு, பிறகு பெயிண்டைச் சுரண்டியால் நார் ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் நனைந்த மரம் கீறிவிடும். தருமபுரியில் ஒரு பழைய வீட்டின் ஜன்னல் கதவு இப்படி வெளிவந்ததை அருகிலிருந்து பார்த்தேன். மேலே பச்சை, அதன்கீழ் வான்நீலம், அதன்கீழ் சந்தன நிறம், எல்லாவற்றுக்கும் அடியில் செங்காவிப் பூச்சு என எல்லாம் சேர்ந்து தோல்போல் சுருண்டு வந்தன. அடியில் தேக்கின் வரிகளும், இழைப்புளி ஓடிய தடமும், சட்டங்கள் சேரும் மூலையில் எந்தக் கழுந்து (துளைக்குள் பொருந்தும் சட்ட முனை) எந்தத் துளைக்கு என்று அந்நாளைய ஆசாரி உளியால் வெட்டி வைத்த சிறு கோடுகளும் அப்படியே இருந்தன. கிரைண்டர் அந்தக் கோடுகளைத்தான் முதலில் அழிக்கும்.

கண்ணாடிக்குத் தனிக் கவனம் வேண்டும். பழைய கண்ணாடிகளில் உள்ள லேசான அலையும் நீர்க்குமிழியும் இன்று தொழிற்சாலையில் வரும் கண்ணாடியில் கிடைக்காதவை. வீட்டு முகப்புகளில் சிவப்பும் நீலமுமாக இருக்கும் வண்ணக் கண்ணாடிகளுக்கு நிகரானவற்றைத் தேடிப் பிடிப்பதும் எளிதல்ல. திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும்தான் அவற்றை உடைக்கும். ஆகவே கதவைக் குளிர்ந்த பெட்டியில் வைத்து ஆவியை மெல்ல ஏற்ற வேண்டும். வெளியே எடுத்ததும் ஈரத்துணியால் துடைப்பதோ, மின்விசிறிக் காற்றுக்கு எதிரே வைப்பதோ கூடாது. சுவரிலேயே பதிந்திருக்கும் நிலைச்சட்டத்தையும் கம்பிச் சட்டத்தையும் கழற்ற முடியாது. அங்கே கருவியின் முனையில் தட்டையான மூடி ஒன்றைப் பொருத்தி, கையகல இடமாக ஆவி காட்டிச் சுரண்டிக்கொண்டே போகலாம். அது மெதுவான வேலைதான். இருந்தாலும் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு நனையாமல் உலர்ந்த சாக்கை ஓரத்தில் கட்டிக்கொண்டு பொறுமையாகச் செய்தால் நன்றாக வரும்.

எல்லாவற்றையும் நீராவி எடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணெயில் கலந்த பழைய எனாமல் பூச்சுகளும் பிளாஸ்டிக் எமல்ஷன்களும் நன்றாக இளகும். ஆனால் வெள்ளை சிமெண்டில் செய்த சுவர்ப் பட்டியை இந்நாட்களில் ஜன்னல் பொத்தல்களிலும் அடைத்துவிடுகிறார்கள். அதற்கு ஆவி எவ்வளவு காட்டினாலும் அசையாது. எபாக்சி அடைப்பும் அப்படியே. அந்த இடங்களை மட்டும் ஈரப்படுத்திக் கையால் சுரண்ட வேண்டும். பிளைவுட் கதவை ஆவியில் வைத்தால் அடுக்கு பிரியும். வஜ்ஜிரம் என்னும் விலங்குப் பசை வைத்து ஒட்டிய பலகைகளில் வஜ்ஜிரமே இளகிவிடும் என்பதால் அத்தகைய கதவுகளைக் குறுகிய நேரத்தில் எடுத்துவிட வேண்டும். கழுந்து பொருத்தி மூங்கில் ஆணி அடித்த பழைய கதவுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

சுரண்டிய கதவை வெயிலில் சாய்த்து வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. தருமபுரியின் சித்திரை வெயிலில் நனைந்த மரத்தை வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும், வெடிக்கும். காற்றோட்டமுள்ள நிழலில், சமதளத்தில், இடையிடையே கட்டைகள் வைத்து அடுக்கிச் சில நாட்கள் உலர விட வேண்டும். ஈரம் மரத்தின் மேல்தோலுக்குக் கீழே ஆழமாகப் போயிருக்காது. ஆனாலும் ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே பிரைமர் பூசுவது உத்தமம். பிறகு காடிக்குள் லின்சீட் ஆயில் ஒரு கை பூசிவிட்டுப் புதுப் பட்டி வைக்க வேண்டும். அப்படிப் பூசாவிட்டால் காய்ந்த மரம் பட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். பட்டி ஓராண்டிலேயே உதிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம், சுரண்டி எடுத்த கழிவு. தூசி பறக்காவிட்டாலும் ஈயம் மறைந்துவிடவில்லை. அது அந்த ஈரச் சுருள்களிலும், பெட்டியின் அடியில் வடிந்த நீரிலும்தான் இருக்கிறது. தரையில் தார்ப்பாய் விரித்தே வேலை செய்ய வேண்டும். சுருள்களைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி, வடிநீரைத் துணியில் வடிகட்டி, அந்தத் துணியையும் அதே பையில் போட வேண்டும். அந்தப் பை மாட்டுக்கொட்டகைக் குப்பைக்குழிக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. உள்ளாட்சித் துப்புரவுப் பணியாளரிடம் அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாக ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, உளுத்துப்போன ஜன்னல் சட்டத்தை ஒடித்து வெந்நீர் அடுப்பில் வைக்கும் வழக்கத்தை அருள்கூர்ந்து நிறுத்த வேண்டும். பழைய பெயிண்ட் எரிந்தால் ஈயம் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் நம் கிராமத்துப் பெண்கள் பாத்திரம் தேய்க்க எடுக்கிறார்கள், கீரைப் பாத்தியில் தூவுகிறார்கள். வேலை செய்பவர்கள் கையைச் சோப்பால் கழுவிய பிறகே சாப்பிடவும், பீடியைத் தொடவும் வேண்டும். உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. நீராவி சதையை ஆழமாகச் சுடும் என்பதால் தடித்த கையுறையும் அவசியம்.

இத்தனை பாடுபடுவதைவிடப் பழைய ஜன்னலைப் பிடுங்கிவிட்டு அலுமினியமோ, யுபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கோ வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும் தருமபுரி குமாரசாமிப்பேட்டையிலும் ஒவ்வொரு வீடாக இப்படி மாறிவருவதைப் பார்க்கிறோம். நிதானமாக வளர்ந்து வைரம் பாய்ந்த அந்த மரத்துக்கு இணையான மரத்தை இன்று எந்தக் கடையிலும் நியாயமான விலைக்கு வாங்க முடியாது. கழற்றிய ஜன்னல்களைப் பழைய மரக் கடைக்காரர்கள் போட்டி போட்டு வாங்கிப் போவதே அதன் அருமைக்குச் சான்று. ஒரு சட்டம் உளுத்திருந்தால் அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை வைத்துக்கொள்ளலாம் என்பது மர ஜன்னலின் தனிச்சிறப்பு. யுபிவிசி ஜன்னலில் ஒரு பக்கம் உடைந்தால் அப்படி எளிதில் செய்ய இயலாது. மூடியிருக்கும் பெயிண்ட் அடுக்குகளை எடுத்துப் பார்க்காமல் எந்தச் சட்டம் உளுத்தது, எது திடமானது என்று யாராலும் சொல்ல முடியாது. நீராவியால் சுத்தம் செய்த பிறகு, தூக்கியெறிய வேண்டும் என்று ஒதுக்கிய கதவுகளில் பெரும்பாலானவை அடிச்சட்டம் ஒன்றை மாற்றினாலே போதும் என்ற நிலையில் இருப்பதைத் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆகவே இரு மாவட்ட நிர்வாகங்களுக்கும் பொதுப்பணித் துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். அரசுக் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் மதிப்பீடு தயாரிக்கும்போது, 2017க்கு முன் பூசப்பட்ட மர ஜன்னல்களை உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்ப்பதும் சுடரால் சுடுவதும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பள்ளியில் நான் கேட்ட கேள்விக்கு அப்படியொரு பதில் வந்தது. நீராவி வேலைக்கு ஆகும் கூடுதல் நேரத்துக்குக் கூலியையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் எடுத்தவரிடம் நிதானமான வேலையை எதிர்பார்ப்பது தொழிலாளிக்குச் செய்யும் அநீதி. தொழிற்பயிற்சி நிலையங்களில் மரவேலைப் பிரிவுக்கும் பெயிண்டர் பிரிவுக்கும் இந்த முறையைச் செய்முறைப் பாடமாக வைக்கலாம். ஒரு பெட்டியும் ஒரு ஆவிக் கருவியும் ஒரு பிரிவுக்குப் போதும், அவற்றை மாணவர்களே செய்து பழகலாம். கான்கிரீட் கலவை இயந்திரத்தையும் சாரத்தையும் வாடகைக்குக் கொடுப்பதுபோல், பெயிண்ட் கடைக்காரர்கள் இந்தப் பெட்டியையும் கருவியையும் நாள் வாடகைக்குக் கொடுத்தால், ஒற்றை வீட்டுக்காரரும் தம் ஜன்னலைக் காப்பாற்றிக்கொள்வார்.

அடுத்த விடுமுறைக்கான மதிப்பீடுகள் தை, மாசி மாதங்களிலேயே அலுவலகங்களில் தயாராகிவிடும். அதற்கு முன்பாக மேற்சொன்ன வரி ஒப்பந்தப் படிவத்தில் இடம்பெற மாவட்ட ஆட்சியர்கள் ஆவன செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியின் அளவுகளையும் செய்முறையையும் நேரில் காட்டச் சொல்லி எந்தப் பள்ளி அழைத்தாலும், கட்டணம் ஏதுமின்றி வந்து செய்துகாட்ட ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மரவேலைப் பயிற்றுநர்,
தருமபுரி.